மக்காச்சோளத்துக்கு விலை இருந்திருந்தா அந்தக் கார் ஓடியிருக்காது

தம்பி மகள் அமெரிக்காவில் சார்லட் என்கிற ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினாள். கண்ணாடி, விளக்கு, பளபளக்கிற தரைன்னு பெரிய கட்டிடம். உள்ளே நடுவுல பார்த்தா சாராயம் காய்ச்சுற செட்டு! செம்புப் பானை, மேலே மூடி, வளைஞ்ச குழாய். "பெரியப்பா, இது கார் ரேஸ் மியூசியம். இங்க எதுக்கு இதை வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிங்க பாப்போம்"னு கீழே எழுதியிருந்தா.

எனக்கு கார் ரேஸ் தெரியாது. ஆனா சாராயத்துக்கும் சோளத்துக்கும் உள்ள கணக்கு கொஞ்சம் தெரியும். நானும் மானாவாரியில மக்காச்சோளம் போடுறவன்தானே. ஒரு வாரமா ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் போனை வச்சுக்கிட்டு இதைத்தான் படிச்சேன், வீடியோ பார்த்தேன். புரியாத இடத்துல அவளையே கூப்பிட்டுக் கேட்டேன். படிச்சதுல ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அதைத்தான் இங்க எழுதுறேன்.

அந்த மியூசியம் நாஸ்கார் என்கிற கார் பந்தய அமைப்பைப் பத்தினது. அமெரிக்காவுல கடையில விக்கிற மாதிரி கார்களை வச்சு நடத்துற பந்தயத்துல பெரிய அமைப்பு அதுதான். இன்னைக்கு கோடிக்கணக்கான டாலர் புரளுது. இதோட வேர் எங்க இருக்குன்னா, வட கரோலினா, ஜார்ஜியா, வர்ஜீனியா மலைப் பக்கத்துல கள்ளச்சாராயம் கடத்தின பசங்ககிட்ட. போலீஸ்கிட்ட மாட்டாம தப்பிக்க ராத்திரியில கார் ஓட்டிப் பழகினவங்க, பகல்ல மண் தரையில பந்தயம் ஓட்டினாங்க. இந்தக் கதையை எல்லாரும் ரொம்ப குஷியா சொல்றாங்க. திருடன் போலீஸ் சினிமா மாதிரி. எனக்கு அந்தச் சொல்ற விதத்துலதான் சண்டை. என்னைக் கேட்டா இது திருடன் கதையே இல்ல. விளைஞ்சதை விக்க வழியில்லாத சின்ன விவசாயியோட கதை.

கணக்குல இருந்து ஆரம்பிக்கிறேன். அபலாச்சியன்னு ஒரு மலைத்தொடர். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துல இருந்து வந்தவங்க அங்க குடியேறி, சரிவுல கிடைச்ச துண்டு நிலத்துல தானியம் போட்டாங்க. நல்லா விளைஞ்சது. ஆனா ரோடு கிடையாது. ஒரு குதிரை ஏறக்குறைய நாலு புஷல் தானியம்தான் சுமக்கும். நம்ம கணக்குல ஒரு குவிண்டால். அதை மலையிலிருந்து இறக்கி சந்தைக்குக் கொண்டுபோறதுக்குள்ள குதிரைக்குத் தீனி போட்டே காசு கரைஞ்சிடும். அதே தானியத்தை ஊறல் போட்டு வடிச்சா, அதே குதிரை 24 புஷல் தானியத்தோட மதிப்பை ரெண்டு பீப்பாயில சுமக்கும். அதாவது ஆறு மடங்கு. புழு அடிக்காது, பூஞ்சை பிடிக்காது, வருஷக்கணக்கா வச்சாலும் கெடாது. பணப்புழக்கம் இல்லாத அந்த மலையில விஸ்கியைக் குடுத்துத்தான் சாமான் வாங்கினாங்க. இப்ப நம்மகிட்ட வந்து மதிப்புக்கூட்டு, மதிப்புக்கூட்டுன்னு மீட்டிங் போட்டுச் சொல்றாங்களே, அதை அவங்க எந்த அதிகாரியும் வந்து சொல்லாமலே செஞ்சிருக்காங்க.

1791-ல் அரசாங்கம் அது மேல வரி போட்டுச்சு. போட்ட விதத்தைப் பாருங்க. பெரிய ஆலை வச்சிருக்கிறவன் வருஷத்துக்கு மொத்தமா கட்டினா காலனுக்குக் கம்மியா வரும். வீட்டுப் பின்னாடி ஒரு பானை வச்சிருக்கிற விவசாயிக்கு காலன் கணக்கு, அவனுக்குக் கூட வரும். அதுவும் ரொக்கமாகக் கட்டணும், ரொக்கமே பார்க்காத ஊர்ல. 1794-ல் பென்சில்வேனியா மேற்குப் பக்கம் விவசாயிகள் கலகம் பண்ணினாங்க. ஜனாதிபதி வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேர் படையோட கிளம்பிட்டாரு. கலகம் அடங்கிச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, அதே வாஷிங்டன் பதவி முடிஞ்சு ஊருக்குப் போனதும் தன் பண்ணையிலேயே விஸ்கி ஆலை ஆரம்பிச்சாரு. 1799-ல் அங்க வடிச்சது ஏறக்குறைய 11,000 காலன். நாட்டிலேயே பெரிய ஆலைகள்ல அதுவும் ஒண்ணாம். சிரிப்பதா அழுவதான்னு தெரியல.

அந்த வரி 1802-ல் போச்சு. உள்நாட்டுப் போருக்குச் செலவு வேணும்னு 1862-ல் திரும்ப வந்துச்சு, அப்புறம் போகவே இல்ல. அன்னையிலிருந்து மலை விவசாயி தாத்தா காலத்துத் தொழிலை ராத்திரி நிலா வெளிச்சத்துல, ஓடையோரத்துப் புதருக்குள்ள செய்ய ஆரம்பிச்சான். மூன்ஷைன்னு பேர் வந்ததே அதனாலதான். பிறகு மதுவிலக்கு. நாடு முழுக்க 1920-ல்தான் வந்துச்சு, ஆனா ஜார்ஜியாவுல 1908-லேயே, வட கரோலினாவுல 1909-லேயே வந்தாச்சு. 1933-ல் நாட்டளவுல எடுத்த பின்னாடியும் தெற்குல பல மாவட்டங்கள் கடை திறக்கவே விடல. கடை இல்லாத ஊர்ல சரக்குக்குக் கிராக்கி இருக்கத்தானே செய்யும்.

அப்பதான் கார் வருது. 1932-ல் ஃபோர்டு கம்பெனி எட்டு சிலிண்டர் இன்ஜினை சாதாரண ஆள் வாங்குற விலையில போட்டு விட்டாங்க. மெக்கானிக் வேலை தெரிஞ்ச பசங்களுக்கு அது லாட்டரி. சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கினாங்க, கார்புரேட்டரைக் கூட்டினாங்க. பின் சீட்டைக் கழட்டிட்டு கேன் அடுக்கினாங்க. நூறு காலனுக்கு மேல ஏத்துவாங்க. ஒரு காலன் சரக்கு மூன்றரை கிலோன்னு வைங்க, 350 கிலோ. அத்தனை பாரத்துக்கு கார் பின்பக்கம் உட்கார்ந்திடும், பார்த்தவுடனே போலீஸுக்குத் தெரிஞ்சிடும். அதனால பின் ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்துவாங்க. பாரம் ஏத்தினா கார் சமமா நிக்கும். காலியா வந்தா பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். டிராக்டர் டிப்பர்ல கூடுதல் பட்டை போட்ட நம்ம ஆளுங்களுக்கு இது சொல்லாமலே புரியும். இந்த ஸ்பிரிங்கை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

ஜார்ஜியாவுல டாசன்வில்னு ஒரு மலையூர். அங்கிருந்து அட்லாண்டாவுக்கு ஏறக்குறைய 60 மைல். ராத்திரி சரக்கோட இறங்கணும். மண் ரோடு, வளைவுக்கு மேல வளைவு, சில சமயம் லைட்டை அணைச்சுட்டு ஓட்டணும். வழியை மறிச்சிருந்தா ஒரே வெட்டுல காரைத் திருப்பி வந்த பக்கமே பறக்கணும். மண்ணுல வேகமா போகும்போது பின் சக்கரம் வழுக்கும், அந்த வழுக்கலை வச்சே காரைத் திருப்புறதுதான் வித்தை. அப்ப ஊர்ப்பக்கங்கள்ல பொருட்காட்சி மைதானங்கள்ல குதிரைப் பந்தயத்துக்குப் போட்ட வட்டப் பாதைகள் இருந்துச்சு. செம்மண், களிமண். அந்தப் பாதையில கார் ஓட்டவும் இதே வித்தைதான் வேணும். வாரம் பூரா ராத்திரியில உயிரைப் பணயம் வச்சுப் படிச்ச பாடத்துக்கு ஞாயித்துக்கிழமை மதியம் பரீட்சை, அவ்வளவுதான்.

அட்லாண்டாவுல லேக்வுட்னு ஒரு மைல் மண் பாதை. லாய்ட் சீ என்கிற டாசன்வில் பையன் 1938-ல் அங்க நடந்த பந்தயத்துல ஜெயிச்சப்ப அவனுக்கு வயசு 18. கார் அவனோடது இல்ல, சொந்தக்காரர் ரேமண்ட் பார்க்ஸோடது. இந்த பார்க்ஸும் டாசன்வில் ஆளுதான். 14 வயசுல வீட்டை விட்டு ஓடி சாராயத் தொழிலுக்கு வந்து, மாட்டி, ஜெயிலுக்குப் போய், வெளிய வந்து காசு சேர்த்தவர். ரெட் வோக்ட்னு ஒரு கைராசியான மெக்கானிக் கார்களைத் தயார் பண்ணிக் குடுப்பார். அவர் பட்டறையில சாராயம் கடத்துறவன் காரும் நிக்குமாம், அவனைப் பிடிக்கிற கலால்காரங்க காரும் நிக்குமாம்.

1941 செப்டம்பர் 1, தொழிலாளர் தினம். லேக்வுட்ல சீ மறுபடி ஜெயிச்சான். மறுநாள் காலையில சொந்த ஒண்ணுவிட்ட சகோதரன் அவனைச் சுட்டுக் கொன்னுட்டான். தகராறு எதுக்குன்னா, ஊறல் போடுறதுக்குக் கடன்ல வாங்கின சர்க்கரைக்கு. பெண்ணுக்காகவோ பரிசுக் கோப்பைக்காகவோ இல்ல, சர்க்கரை பாக்கிக்கு. வயசு 21. டாசன்வில்ல அவன் கல்லறைக் கல்லுல ஒரு ஃபோர்டு காரைச் செதுக்கி, ஜன்னல்ல அவன் போட்டோவைப் பதிச்சிருக்காங்க. தம்பி மகள் அந்தப் படத்தையும் அனுப்பினா. குஷியா கதை சொல்றவங்க இந்த இடத்தை வேகமா தாண்டிடறாங்க.

இன்னொண்ணும் தாண்டிடறாங்க. காசாசைக்கு பழைய கார் ரேடியேட்டரை வச்சு வடிச்சு, அதுல இருந்த ஈயம் இறங்கி எத்தனையோ பேர் கெட்டிருக்காங்க. 1951 அக்டோபர்ல அட்லாண்டாவுல மெத்தனால் கலந்த சரக்கைக் குடிச்சு 30-க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க, பெரும்பாலும் ஏழை கறுப்பின மக்கள். மெத்தனால் என்ன பண்ணும்னு தமிழ்நாட்டுக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, 2024-ல் கள்ளக்குறிச்சியில பார்த்தோம். அதனால நான் சாராயத்துக்கு வக்காலத்து வாங்கறேன்னு யாரும் நினைக்காதீங்க. எங்க ஊர்ப்பக்கமே ஒரு காலத்துல சைக்கிள் டியூப்ல சாராயம் வந்து, அதனால அழிஞ்ச ரெண்டு குடும்பத்தை எனக்கு நேர்ல தெரியும். நான் சொல்றது வேற.

போர் முடிஞ்சதும் பந்தயத்துக்குக் கூட்டம் கூடிச்சு. பில் ஃபிரான்ஸ்னு ஒருத்தர். வாஷிங்டன் நகரத்துல இருந்து ஃபுளோரிடாவுல டேடோனா கடற்கரைக்கு வந்து குடியேறினவர், மெக்கானிக், தானும் பந்தயம் ஓட்டினவர். சாராயக்காரர் இல்ல. இதை ஏன் சொல்றேன்னா, எல்லாமே சாராயத்துல இருந்துதான் வந்துச்சுன்னு ஒரேயடியா சொல்றதும் தப்பு. ஏற்பாடு பண்ற திறமை அவரோடது, அதை மறுக்க முடியாது. 1947 டிசம்பர்ல டேடோனாவுல ஒரு ஓட்டல்ல எல்லாரையும் கூட்டி உட்கார வச்சுப் பேசி, 1948 பிப்ரவரியில நாஸ்காரைப் பதிவு பண்ணினார். நாஸ்கார்னு பேர் சொன்னது மெக்கானிக் ரெட் வோக்ட். கம்பெனி என்னவோ ஃபிரான்ஸ் குடும்பத்துக்கு.

1949 ஜூன் 19. சார்லட்ல முக்கால் மைல் மண் பாதையில முதல் பந்தயம், கடையில வாங்கின மாதிரியே இருக்கிற கார்களுக்கு மட்டும். முதல்ல வந்தது க்ளென் டன்னவே, 1947 ஃபோர்டுல. ரெண்டாவது ஆளைவிட மூணு சுத்து முன்னாடி! பந்தயம் முடிஞ்சதும் காரைச் சோதிச்சாங்க. பின் ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்தியிருக்குன்னு சொல்லி அவரைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. அது சாராயம் ஏத்தின வண்டி, வேற எப்படி இருக்கும்? கான்சாஸ்ல இருந்து லிங்கன் கார்ல வந்திருந்த ஜிம் ரோப்பர்னு ஒருத்தருக்கு 2,000 டாலர் பரிசு போச்சு. கார் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போனார், கேஸ் நிக்கல.

விதி விதிதான். ஃபிரான்ஸ் அன்னைக்கு விட்டுக்குடுத்திருந்தா அமைப்பே நின்னிருக்காது, அதையும் ஒத்துக்கறேன். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்த ஸ்பிரிங்கும் அதை ஓட்டிப் பழகின கையும் இல்லேன்னா அங்க பந்தயம் பார்க்க வந்த கூட்டமே இருந்திருக்காது. ஆட்டத்தை வளர்த்த சங்கதியே முதல் நாள் வாசல்ல நிறுத்தப்பட்டுச்சு.

அந்த வருஷம் நாஸ்காரோட முதல் சாம்பியன் ரெட் பைரன். போர்ல கால் அடிபட்டவர், கிளட்ச் மிதிக்க காலுக்குக் கவசம் மாட்டிக்கிட்டு ஓட்டினவர். அவருக்கு கார் குடுத்தது சாராயக் காசுல வந்த அதே ரேமண்ட் பார்க்ஸ். போட்ட காசு திரும்பாம 1950-களோட ஆரம்பத்துல பார்க்ஸ் விலகிட்டார். மியூசியம் 2010 மே மாசம் திறந்தது. முதல் வரிசையில பில் ஃபிரான்ஸ் பேர் இருந்துச்சு. பார்க்ஸ் அடுத்த மாசம் 96 வயசுல செத்துப்போனார். அவர் பேரைச் சேர்த்தது 2017-ல். ஏழு வருஷம் கழிச்சு.

வெண்டல் ஸ்காட்டுக்கு நடந்தது இதைவிட மோசம். வர்ஜீனியாவுல டான்வில் ஊர்க்காரர், கறுப்பினத்தவர், அவரும் சாராயம் கடத்தினவர். 1952-ல் உள்ளூர்ல பந்தயம் நடத்துறவங்க, கூட்டம் சேர்க்க ஒரு கறுப்பின ஓட்டுநர் வேணும்னு போலீஸ்கிட்டயே போய்க் கேட்டாங்களாம், உங்களை நல்லா ஓட விட்டவன் யாருன்னு. போலீஸ் சொன்ன பேர் ஸ்காட். 1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில்ல அரை மைல் மண் பாதையில அவர் ஜெயிச்சார். கோப்பையை பக் பேக்கர் என்கிற வெள்ளைக்காரர் கையில குடுத்துட்டாங்க. கூட்டமெல்லாம் கலைஞ்சு போன பிறகு, சுத்து எண்ணினதுல தப்பு வந்துடுச்சுன்னு சொல்லி ஸ்காட்தான் ஜெயிச்சவர்னு ஒத்துக்கிட்டாங்க. அவர் 1990-ல் செத்தார். அந்த ஜெயிப்புக்கான ஒரு கோப்பையை நாஸ்கார் அவர் குடும்பத்துக்கு 2021-ல்தான் குடுத்துச்சு.

இப்ப அந்த செம்புப் பானைக்கு வர்றேன். அதைச் செஞ்சு வச்சது ஜூனியர் ஜான்சன். வட கரோலினாவுல வில்க்ஸ் மாவட்டம். 1931-ல் பிறந்தார். நாஸ்கார்ல 50 பந்தயம் ஜெயிச்சவர், பிறகு குழு சொந்தக்காரரா ஆறு தடவை சாம்பியன். முதல் பந்தயத்துக்கு அண்ணன் கூப்பிட வந்தப்ப செருப்பு இல்லாம கோவேறு கழுதை பூட்டி உழுதுக்கிட்டு இருந்தாராம். இந்த ஒரு வரியைப் படிச்சதும் எனக்கு ஆளைப் பிடிச்சுப் போச்சு. ஜெயிச்சு பேர் வாங்கின பிறகும் கோழிப் பண்ணை வச்சு நடத்தினவர்.

1956-ல் அவரைப் பிடிச்சாங்க. ரோட்டுல இல்ல, ரோட்டுல அவரை யாரும் பிடிச்சதில்ல. அப்பாவோட ஊறல் பக்கத்துல வச்சு நடந்தே பிடிச்சாங்க. 11 மாசம் ஜெயில். 1986-ல் ஜனாதிபதி ரீகன் மன்னிப்புக் குடுத்தார். நல்ல விஷயம். ஆனா அவர் அப்பா? 63 வருஷ வாழ்க்கையில ஏறக்குறைய 20 வருஷம் ஜெயில்ல கழிச்ச மனுஷன். 1935-ல் அவங்க வீட்டைச் சோதனை போட்டப்ப, உள்நாட்டுல அதுவரைக்கும் பிடிபட்டதிலேயே பெரிய சரக்குன்னு பேசினாங்க. மகனுக்கு மன்னிப்பு, மரியாதை, மியூசியத்துல இடம். அப்பனுக்கு ஒண்ணுமில்ல, அவர் கார் ஓட்டி யாரையும் சந்தோஷப்படுத்தலையே. காய்ச்சினவன் குற்றவாளி, கடத்தினவன் ஹீரோ, டிக்கெட் வித்தவன் முதலாளி.

இதுலதான் எனக்கு வருத்தம். காரைப் பத்தி, வேகத்தைப் பத்தி எவ்வளவோ பேசறாங்க. அந்த மலையில ஒரு மூட்டை சோளம் என்ன விலைக்குப் போச்சு, காய்ச்சலேன்னா அந்த வீட்டுல பிள்ளைங்களுக்கு செருப்பு வாங்கியிருக்க முடியுமா, இதைப் பத்தி பேச்சே காணோம். போன வருஷம் எங்க வியாபாரி ஈரப்பதம் அதிகம்னு சொல்லி மூட்டைக்கு இவ்வளவுன்னு பிடிச்சப்ப, களத்துல காயுற சோளத்தைப் பார்த்துக்கிட்டு நின்னவன் நான். எனக்கு அந்த மலைக்காரன் எதுக்கு ராத்திரியில ஓடைக்குப் போனான்னு யாரும் விளக்க வேண்டாம். போனது சரின்னு சொல்லல. ஏன் போனான்னு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்துல நாலு வரி எழுதி வச்சா என்ன குறைஞ்சு போகும்?

1970 செப்டம்பரோட அவங்களோட பெரிய பந்தயம் மண் தரையை விட்டே போயிடுச்சு. அதுக்கப்புறம் 2021-ல்தான் ஒரு பந்தயத்துக்கு மண்ணைக் கொட்டி ஓட்டினாங்க. வில்க்ஸ் மாவட்டத்துல இருந்த நார்த் வில்க்ஸ்போரோ பாதை, 1947-ல் திறந்தது, 1996-ல் பெரிய ஊர்களுக்குப் பந்தயத்தை மாத்தினப்ப கைவிட்டுட்டாங்க. புல் முளைச்சுக் கிடந்துச்சாம். 2023-ல் திரும்ப பெரிய பந்தயம் நடத்தினாங்க, நல்ல கூட்டமாம். ஜூனியர் ஜான்சன் அதைப் பார்க்கல, 2019 டிசம்பர்லயே போயிட்டார்.

தம்பி மகளுக்கு ராத்திரி போன் போட்டு விடை சொன்னேன். "பெரியப்பா, நான் ஒரு வரியில சொல்லியிருப்பேன், நீங்க ஒரு மணி நேரம் பேசறீங்க"ன்னா. அடுத்த தடவை அந்த மியூசியத்துக்குப் போனா பானைக்குப் பக்கத்துல எழுதியிருக்கிறதை முழுசா படி, அதுல ஜான்சனோட அப்பா பத்தி ஏதாவது இருக்கான்னு பாரு, போட்டோ எடுத்து அனுப்புன்னு சொல்லியிருக்கேன். சனிக்கிழமை போறேன்னிருக்கா.